ஐந்து மாதம் கழுகு எதைத் தின்றது?

அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.
சனிக்கிழமை மாலை

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், ஊகித்ததை ஊகித்தேன் என்றும் எழுதுவேன். என் பெயர் மா. தென்றல். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். இங்கு அம்மாவும் நானும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அப்பாவும் சுகம்தான், காய்ச்சல், சளி எதுவும் இல்லை. ஆனால் அப்பா பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டார். அதற்குக் காரணம் நான். எனக்கு முந்தைய காரணம் நீங்கள். குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை ஐயா. வரிசைப்படி சொன்னால் அப்படித்தான் வருகிறது.

உங்கள் மாதப் பத்திரிகை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதில் பறவைகளையும் மிருகங்களையும் வைத்து ஆவிக்குரிய பாடம் சொல்லும் பக்கத்தை அப்பா சாப்பாட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் படிப்பார். அப்பா நகரப் பேருந்தில் நடத்துநர். எங்கள் சபை சிறியது. ஆயர் ஐயாவுக்கு வேறு ஊர்ச் சபைகளும் இருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கு வர முடியும். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம். நன்றாகச் செய்வார் என்று மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஈஸ்டர் அன்று ஆலய வாசலில் கூட்டம் நெரிந்தபோது, பிரசங்கத்தின் நடுவே, "முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்குது, படியில நிக்காதீங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் நகர்ந்தார்கள். அப்பா ஒரு நொடி யோசித்து, "பரலோகத்துலயும் அப்படித்தான். உள்ள எடம் இருக்குது. நாமதான் படியிலயே நிக்கறோம்" என்றார். அன்று தசரதன் தாத்தா அழுதார். (எங்கள் சபை மூப்பர் அவர். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வேறு பெயர் வைத்தார்களாம். அது அவருக்கே மறந்துவிட்டது.) அவர் அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவின் பிரசங்கங்களிலேயே புகழ்பெற்றது கழுகுப் பிரசங்கம். அது உங்கள் பத்திரிகையிலிருந்து வந்தது. கழுகுக்கு நாற்பது வயதாகும்போது அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப்போகும். அப்போது அது உயரமான பாறைக்குப் போய் அலகை மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் அதனால் பழைய நகங்களைப் பிடுங்கி, புது நகம் முளைத்ததும் அதனால் பழைய இறகுகளைப் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து, அதன்பின் இன்னும் முப்பது வருடம் பறக்கும். இதைச் சொல்லும்போது அப்பா பிரசங்க பீடத்தில் நெற்றியை மோதப்போவதுபோல் குனிவார். முன் பெஞ்சில் இருக்கிற பெண்கள் "ஐயோ" என்பார்கள். திருமண நாள் ஜெபம், பணி ஓய்வு ஜெபம், யாருக்காவது நாற்பது வயதானால் அந்த வீட்டு ஜெபம் என்று எல்லாவற்றுக்கும் கழுகுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். சபைப் பொருளாளர் ராமதாஸ் மாமா மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போவதற்கு முன் அதை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஒவ்வொரு பிரசங்கத்தின் முடிவிலும் அப்பா, "யாருக்காவது சந்தேகம் இருக்குதா?" என்று கேட்பார், பேருந்தில் டிக்கெட் வாங்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதைப்போல. இதுவரை யாரும் கையைத் தூக்கியதில்லை. ஆசீர்வாதத்துக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம் அது என்றுதான் சபையில் நினைத்திருந்தார்கள். போன மாதம் நான் தூக்கினேன்.

"அப்பா, அலகு ஒடஞ்சுட்டா அந்த அஞ்சு மாசம் கழுகு எதைச் சாப்பிடும்?"

கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை ஐயா. பள்ளி நூலகத்தில் பறவைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அந்த வாரம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு விடை தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டேன். அப்பா வாயைத் திறப்பதற்குள் தசரதன் தாத்தா, "அதான! வாயே இல்லன்னா எப்பிடித் துன்னும்?" என்றார். "கஞ்சி மாதிரி ஏதாச்சும் குடிக்கும்" என்றார் ராமதாஸ் மாமா, அறுவைச் சிகிச்சை அனுபவத்தில். "பாறை மேல அதுக்கு யாருய்யா கஞ்சி காச்சுவா?" "வேற கழுகு ஊட்டும்." "அந்தக் கழுகுக்கும் நாப்பது வயசு ஆயிருந்தா?" ஆலயத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நீ என்னம்மா படிச்ச?" என்று கேட்டார். அலகு உடைந்த பறவை பட்டினி கிடந்து செத்துப்போகும் என்று போட்டிருக்கிறது என்று சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். அப்பா பீடத்தில் விரித்திருந்த வேதத்தை மூடினார். பிறகு கடைசி வரிசைக்குக் கேட்காத குரலில் ஆசீர்வாதம் கூறினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, "கழுகை நான் பாத்தனா தென்றலு? பாக்காததை இத்தினி வருஷமா பாத்த மாதிரி சொல்லிக்கினு இருந்திருக்கேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியது அம்மா. அம்மாவின் பெயர் அன்புச்செல்வி. "வாரம் பூரா சில்லறைக்கும் சீட்டுக்கும் போறவன் வர்றவன்லாம் திட்டறான் அந்த மனுஷனை. ஞாயித்துக்கெழமை ஒரு நேரம்தான் அவரு பேசறதை நாலு பேரு கம்முனு உக்காந்து கேக்கறாங்க. அதுக்கும் ஒல வெச்சுட்டியேடி" என்றது. எனக்கு அதுவரை அது தெரியாது. பேருந்தில் அப்பா எப்படி இருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வேத வாசிப்பை முடித்ததும், "இன்னிக்குப் பாட்டா பாடிடுவோம்" என்று பாட்டுகளாகவே ஆராதனையை முடித்தார். அதற்கடுத்த ஞாயிறு, பாடிப் பாடித் தொண்டை கட்டியவர்களைப் பார்த்து இரக்கப்பட்டு ராமதாஸ் மாமா சாட்சி சொல்ல எழுந்தார். மூட்டு அறுவைச் சிகிச்சையை மயக்க ஊசியிலிருந்து ஆரம்பித்தார். மயக்கம் தெளிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறு வாரம் வந்து தெளிவித்தார். நடுவில் ஆயர் ஐயாவின் ஞாயிறும் வந்து போய்விட்டது. நாளை மறுபடியும் ஞாயிறு. அவருக்கு இன்னொரு முழங்கால் இருக்கிறது.

ஆகவே, பார்த்ததை மட்டும்தான் சொல்வேன் என்று அப்பா சொல்வதால், நான் உண்மையான மிருகங்களைப் பார்த்து அப்பாவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் எறும்பு. சோம்பேறி எறும்பிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வேதத்திலேயே இருப்பதால் அது பாதுகாப்பானது என்று நினைத்தேன். துணி துவைக்கும் கல்லின் பின்னால் ஒரு முறுக்குத் துண்டை எறும்புகள் இழுத்துப் போவதை முட்டிபோட்டுப் பார்த்தேன். இழுத்தவற்றில் சில முன்னால் இழுத்தன, சில பின்னால் இழுத்தன. ஒன்று முறுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து சவாரி போயிற்று. அது தவிர, வழியில் நிறைய எறும்புகள் ஒன்றுமே செய்யாமல் நின்றன. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "சோம்பேறி எறும்புகூட இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுப்பா. ஜாஸ்தியாவே இருக்குது." அப்பா பெருமூச்சு விட்டு ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய்விட்டார்.

புறா கபடில்லாதது என்பார்கள். எங்கள் ஆலய ஜன்னலில் இரண்டு புறாக்கள் ஒன்றையொன்று இறக்கையால் அடித்துக்கொண்டு, தோற்றதைக் கீழே தள்ளிவிட்டதை எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிறகு தாயன்புக்காகக் குரங்கிடம் போனேன். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் திரௌபதி அத்தையின் கடைக்கு எதிரில் ஒரு தாய்க் குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன், மிகவும் உருக்கமாக இருந்தது. நடந்து போன ஒருவர் குட்டியிடம் வாழைப்பழம் கொடுத்தார். தாய் குட்டியின் வாயில் விரலை விட்டு, மென்றதையும் சேர்த்து எடுத்துத் தான் தின்றது. நான் அதிர்ச்சியில் கிட்டே போய்விட்டேன் போலிருக்கிறது. அது என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. திரௌபதி அத்தை ஒரு பன்னைத் தூக்கிப் போட்ட பிறகுதான் கண்ணாடியை விட்டெறிந்தது. "ஏன் பாப்பா, உங்க சாமி எறும்புகிட்டப் போ, கொரங்குகிட்டப் போன்னு அனுப்பறாரே, எங்களுக்கு அந்தத் தொல்லையே கெடையாது. நந்தி காதுல போய் சொல்லிட்டு வந்துடுவோம். அது திருப்பி ஒண்ணும் பேசாது, கண்ணாடியும் புடுங்காது" என்றார் அத்தை. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடைசியாக மீதி இருந்தது ஆடு. ஆடுகள் மேய்ப்பனுடைய சத்தத்தை அறியும், அந்நியன் பின்னால் போகாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். எங்கள் தெருக்கோடியில் வேணு அண்ணன் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். அவர் பி.காம். படித்தவர். ஆட்டை ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் போட்டித் தேர்வுக்கான வீடியோக்களைக் கைப்பேசியில் பார்ப்பார். நேற்று மாலை அவர் கரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது நான் அந்நியனாகப் போய் நின்று, "வா, வா" என்று கூப்பிட்டேன். ஓர் ஆடுகூடத் தலை தூக்கவில்லை. ஐயா, எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு சோதனையை நிலைமையை மாற்றியும் செய்து பார்க்க வேண்டும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார். பாவாடையில் கருவேலங்காயை நிறையப் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

மந்தை முழுவதும் வந்துவிட்டது. அந்நியன் என்று ஒன்றும் பார்க்கவில்லை. காயைப் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன்; அவை முன்னால் வந்தன. காய் தீர்ந்துபோயிற்று. தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துக் காட்டியும் அவை நம்பவில்லை. நான் ஓடினேன். அவையும் ஓடின. ஏரிக்கரையிலிருந்து தார்ச்சாலைக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து வந்தபோது, வளைவில் ஒரு நகரப் பேருந்து வந்து பயங்கரமாக ஹாரன் அடித்து நின்றது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. ஒன்று திரௌபதி அத்தையின் கடைக்குள் புகுந்து பன் டப்பாவில் தலையை விட்டது. ஒன்று சாலையோரம் படுத்திருந்த ஒரு சாமியாரின் காவித்துண்டை மென்றது. ஒன்று பேருந்துப் படியில் ஏறிவிட்டது. காது கிழிந்த ஒரு சின்னக் குட்டி பேருந்துக்கு அடியில், சக்கரத்தை ஒட்டிப் போய்ப் படுத்துக்கொண்டது. படியிலிருந்து ஆட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கிய நடத்துநர் என் அப்பா.

"கண்டக்டரே, அதுக்கும் ஒரு டிக்கெட்டு போடு!" என்று உள்ளிருந்து ஒருவர் கத்தினார். "பொம்பளை ஆடா இருந்தா ஃப்ரீதாம்பா!" என்றார் இன்னொருவர். அப்பா என்னைப் பார்த்தார். விசில் ஊதினார், ஆடுகள் இன்னும் மிரண்டு ஓடின. அப்பா சாலையில் முட்டிபோட்டு, பேருந்துக்கு அடியில் குனிந்து, பிரசங்கத்தில் ஜெபிக்கும்போது வருமே அந்தக் குரலில், "வாம்மா, வெளிய வாம்மா" என்று குட்டியைக் கூப்பிட்டார். அது நகரவில்லை. அந்தப் பக்கத்தில் குனிந்து நானும் கூப்பிட்டேன். நான் காய் போட்டபோது முதலில் ஓடிவந்து தின்றதே அதுதான். இப்போது என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஓட்டுநர் அண்ணன் வண்டியை அசைக்கப் பயந்து இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அப்போது கரைமேல் வேணு அண்ணன், ஒரு காதில் இயர்போன் தொங்க, ஓடிவந்தார். "எவன்டா அது என் ஆட்டை ஓட்டினு வந்தது!" என்று கத்திவிட்டு, நாக்கை மடித்து "ட்ர்ர்ர்ரோ" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். கையில் காயும் இல்லை, தழையும் இல்லை, கோல்தான் இருந்தது. முகத்தில் கோபம்தான் இருந்தது. ஆனாலும் கடைக்குள் இருந்தது தலையை எடுத்தது. துண்டை மென்றது துண்டை விட்டது. எல்லாத் திசையிலிருந்தும் எல்லாம் அவரிடம் போயின. காது கிழிந்த குட்டி சக்கரங்களுக்கு நடுவே தவழ்ந்து வெளியே வந்து, அப்பாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராக அவர் காலடியில் போய் நின்றது. "எரும, உனக்கு பஸ்ஸுக்கு அடியிலதான் எடமா?" என்று திட்டிக்கொண்டே அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு விழுந்த திட்டை இங்கு எழுதவில்லை. அது நீளம்.

அப்பா டிக்கெட் மிஷினைக் கையில் பிடித்தபடி நின்று, மந்தை கரை ஏறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "மாறா, ரைட்டு குடுப்பா, நேரமாவுது" என்று ஓட்டுநர் அண்ணன் கூப்பிட்ட பிறகுதான் ஏறினார். வீட்டுக்கு வந்தும் என்னிடம் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இன்று முழுவதும் அப்படித்தான் இருக்கிறார். ஐயா, கழுகைக் கெடுத்தது போதாதென்று இப்போது ஆட்டையும் கெடுத்துவிட்டேன் என்று ஊகிக்கிறேன். நல்ல மேய்ப்பனைப் பற்றியும் அப்பாவிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. மேய்ப்பன் சத்தத்தைத் தவிர வேறெதற்கும் ஆடு வராது என்று அதில் அழுத்திச் சொல்வார். ஒரு பாவாடைக் காய்க்கு ஒரு மந்தையே வரும் என்று நானே சாலைக்குக் கூட்டிவந்து காட்டிவிட்டேன். இனி அப்பாவுக்கு எந்த மிருகமும் மிச்சமில்லை.

ஆகையால் தாழ்மையுடன் தங்களைக் கேட்டுக்கொள்வது: கழுகைப் பற்றி வெளியிட்டது தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அது தங்கள் தவறு, சபையில் சொன்னவர்களின் தவறு அல்ல என்று என் அப்பாவுக்குத் தனியாக ஓர் அஞ்சலட்டையும் எழுத வேண்டும். முடிந்தால், யாராவது நேரில் பார்த்து, என்ன தின்னும் என்பது வரை உறுதி செய்த நல்ல குணமுள்ள ஒரு மிருகத்தை அதில் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். பறவையாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுச் சந்தாவை இதற்காக நிறுத்த மாட்டோம். சமையல் குறிப்புப் பக்கம் அம்மாவுக்குப் பிடிக்கும்.

தங்களையும் தங்கள் வீட்டாரையும், அச்சுக் கோக்கிறவர்களையும், கழுகைப் பற்றி எழுதிய அந்த அன்பரையும் கர்த்தர் தம் செட்டைகளின் நிழலில் காப்பாராக. தங்கள் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாசகி,
மா. தென்றல்

பின்குறிப்பு: ஐயா, மேலே கேட்டுக்கொண்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் அப்பா என் பாய் அருகே வந்து உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக எழுந்து உட்கார்ந்தேன். "அந்தக் காது கிழிஞ்ச குட்டி இருக்குதே, நான் இந்தப் பக்கம் குனிஞ்சிருந்தேன், அது மொகம் எனக்குத் தெரியல. நீ அந்தப் பக்கம் இருந்த. என்ன பண்ணுச்சு, சொல்லு" என்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தது, உடம்பு நடுங்கியது என்று சொன்னேன். "பயந்துபோச்சுன்னு சொல்லலாமா?" "நடுங்கினதைத்தாம்பா பாத்தேன். பயமான்னு அதுதான் சொல்லணும்." அப்பா சிரித்துவிட்டார். எத்தனை வாரமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "சரி, நடுங்குச்சுன்னே சொல்றேன். வேணு கூப்பிட்டப்ப உடனே கண்ணைத் தொறந்துச்சா, இல்ல மொதல்ல காதை ஆட்டுச்சா?" காதுதான், கிழிந்த காது. "அப்ப அதையும் சொல்லணும்" என்றார். காய்க்காக என் பின்னால் வந்ததைச் சொல்ல வேண்டாம்பா என்று கெஞ்சினேன். "ஏன்? காய் இருந்தா யார் பின்னாலயும் போவும். நாமளும் போறோம். நேத்து நீயும் நானும் மாறி மாறிக் கூப்பிட்டோம், வந்துச்சா? பயந்து படுத்துக்கினு இருக்கிறப்ப எந்தக் குரலுக்கு வருதோ, அவன்தான் மேய்ப்பன். ரெண்டும் நடந்துச்சு. ரெண்டையும் சொல்லுவேன்" என்றார். பிறகு, "நாளைக்கு முன் பெஞ்சுல உக்காரு. நான் எங்கியாச்சும் பாத்ததுக்கு மேல ஜாஸ்தியா சொல்லிட்டா லேசா இருமிடு" என்றார். இரும மாட்டேன் என்று நினைக்கிறேன். உண்மை என்னவென்றால், கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொன்னாலும் விட்டுவிடலாம் என்று எனக்கு இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். "விடிஞ்சா கோயிலுக்குப் போவணும், அப்பாவும் பொண்ணும் தூங்கறீங்களா இல்லியா?" என்கிறது அம்மா. அப்பா போகாமல் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், கரை ஏறும்போது குட்டி எந்தத் தோளில் இருந்தது, இடதா வலதா என்று கேட்டுக்கொண்டு. இதற்கு மேல் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும் ஐயா, அம்மா விளக்கை அணைத்துவிட்டது.